‘நிமிர்ந்து உட்காரு!’ – உழைக்கும் உடலைப் பதிவு செய்த வரலாறு

ஆசிரிய நண்பர்களே, வகுப்பறையில் நாம் அடிக்கடி சொல்லும் வாக்கியங்களைக் கணக்கெடுத்தால் ‘நிமிர்ந்து உட்காரு’ என்பது கட்டாயம் முதல் பத்துக்குள் வந்துவிடும். சொன்னதும் மாணவன் நிமிர்வான். இரண்டு நிமிடம்தான். அப்புறம் மறுபடியும் பயிற்சிப் புத்தகத்தின்மேல் கவிழ்ந்துவிடுவான். நாமும் மறுபடி சொல்வோம். இந்தக் கட்டளைக்குப் பின்னால் நாம் கேட்டுப் பார்க்காத சில கேள்விகள் இருக்கின்றன. ஒரு பாடவேளையில் அவன் உண்மையில் எத்தனை நிமிடம் குனிந்திருந்தான்? எவ்வளவு குனிந்தான்? அதை எப்படி எழுதி வைப்பது? எழுதி வைத்துப் பார்த்தால், மாற வேண்டியது அவனா, அவன் முன்னால் இருக்கும் மேசையா?

இதே கேள்விகளைத் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் கேட்டு வளர்ந்த துறைதான் பணிச்சூழலியல். நாற்காலி விளம்பரங்களில் ‘எர்கோனாமிக்’ என்று பார்க்கிறோமே, அதே துறைதான். வேலைக்கு ஏற்ப மனிதனை வளைக்காமல், மனிதனுக்கு ஏற்ப வேலையை அமைப்பது இதன் நோக்கம். அதற்கு முதலில் மனித உடல் வேலை செய்யும்போது எப்படி இருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். கேட்க எளிதாகத் தெரியும் இந்த வேலைக்கு மனிதர்கள் சொல், புகைப்படம், விளக்கு, நடனக் குறியீடு, எண் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சொல்லில் உள்ள சிக்கல்

முதலில் தமிழ்ச் சொல்லைத் தீர்மானித்துக்கொள்வோம். ‘உடல்நிலை’ என்று எழுதினால் எல்லாரும் ஆரோக்கியம் என்றே எடுத்துக்கொள்வார்கள். சுகாதாரக் கட்டுரைகளில் ‘உடல் தோரணை’ என்ற சொல் ஓரளவு பழகிவிட்டது. அதையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

நம் மரபில் இதற்கு வேறொரு நல்ல சொல்லும் உண்டு. வைணவக் கோயில்களில் பெருமாளின் திருவுருவத்தை நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று பிரித்துச் சொல்வார்கள். உடலின் அமைவை வகைப்படுத்திப் பெயர் வைக்கும் வேலைதான் இதுவும். பரதம் கற்ற மாணவியிடம் ‘அரைமண்டி’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். முழங்கால் எப்படி மடங்க வேண்டும், பாதம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், முதுகு எப்படி நிற்க வேண்டும் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு முழு உடல் தோரணை ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் தொழிலாளியின் உடலுக்குத் தேடியதும் இப்படிப்பட்ட ஒரு சுருக்கத்தைத்தான்.

1700: மருத்துவர் கேட்ட கூடுதல் கேள்வி

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி லத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். 1713இல் அதன் விரிவான பதிப்பு வந்தது. நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அவர் வற்புறுத்தினார்.

தொழிலால் வரும் நோய்களுக்கு அவர் இரண்டு பெரிய காரணங்களைச் சொன்னார். ஒன்று, கையாளும் பொருளிலிருந்து வரும் நச்சும் தூசும். மற்றொன்று, இயல்புக்கு மாறான அசைவுகளும் உடல் தோரணைகளும். எழுத்தர்களைப் பற்றி அவர் எழுதியது நமக்கும் பொருந்தும். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை இடைவிடாமல் ஒரே மாதிரி அசைவது, தவறு வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம் ஆகிய மூன்றும் அவர்களை வாட்டுகின்றன என்றார். கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்தும் பருவத்தில் இதைப் படித்தால் 300 ஆண்டுப் பழைய செய்தி என்று யாரும் நம்பமாட்டார்கள்!

ஆனால் ராமாஸ்ஸினியின் பதிவு சொற்களால் ஆனது. ‘குனிந்து வேலை செய்கிறார்’ என்று எழுதலாம். எவ்வளவு குனிந்தார், எவ்வளவு நேரம், நேற்றைவிட இன்று குறைவா என்பதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க அந்த விவரிப்பில் வழி இல்லை.

கேமரா வந்தது, கணக்கும் வந்தது

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புகைப்படக் கலை வேகம் பிடித்தது. ஓடும் குதிரையின் கால்களை 1878இல் அமெரிக்காவில் வரிசைக் கேமராக்களால் படம் பிடித்தார் எட்வர்ட் மைபிரிட்ஜ். 1887இல் மனித, விலங்கு அசைவுகளைக் காட்டும் 781 படத்தட்டுகளை வெளியிட்டார். குனிவது, தூக்குவது, படி ஏறுவது எல்லாம் அவற்றில் உண்டு.

பிரான்ஸ் நாட்டு உடலியல் அறிஞர் எட்டியென் ஜூல் மாரே இன்னொரு தந்திரம் செய்தார். மைபிரிட்ஜ் போல பல படங்கள் எடுக்காமல், ஒரே தட்டில் பல கணங்களைப் பதிந்தார். ஆனால் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. அதனால் மனிதனுக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை மாட்டிவிட்டு, கை கால்களின் நெடுக வெள்ளைக் கோடுகளை மட்டும் வைத்தார். கறுப்புப் பின்னணியில் அவன் நடந்தபோது ஆள் மறைந்துவிட்டான், கோடுகள் மட்டும் விழுந்தன. இன்று கணினித் திரையில் நாம் பார்க்கும் ‘குச்சி மனிதன்’ அப்படித்தான் பிறந்தான்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் பிரவுனே, ஓட்டோ ஃபிஷர் என்ற இருவர் இதை இன்னும் துல்லியமாக்கினார்கள். முன்னவர் உடற்கூற்று அறிஞர், பின்னவர் கணித அறிஞர். 1891இல் ஒருவரின் கை கால்களில் ஒளிவிடும் மெல்லிய கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் பல கோணங்களிலிருந்து படம் எடுத்தார்கள். சுமை இல்லாமல் இரண்டு முறையும், படைவீரனின் முழுச் சுமையோடு ஒரு முறையும் அவர் நடந்தார். அவ்வளவுதான் சோதனை. அதிலிருந்து ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு கணத்திலும் எங்கே இருந்தது என்று மூன்று திசைகளிலும் கணக்கிட வேண்டியிருந்தது. பிரவுனே 1892இல் இறந்துவிட்டார். முதல் பகுதி 1895இல் வெளிவந்தது. மீதியை ஃபிஷர் தனியாக 1904 வரை வெளியிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மனிதன், சில அடிகள், பல ஆண்டுக் கணக்கு. துல்லியத்தில் இதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் தொழிற்சாலையில் வேலை செய்யும் நூறு பேரை இப்படிப் பதிவு செய்ய முடியுமா? முடியாது.

யாருக்காகப் பார்த்தார்கள்?

இந்த வரலாற்றில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரவுனேயும் ஃபிஷரும் 1889இல் உடலின் ஈர்ப்பு மையத்தைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த ஆய்வின் தலைப்பிலேயே ஜெர்மன் காலாட்படை வீரனின் சுமை இடம்பெற்றிருந்தது. வீரன் சோர்வில்லாமல் நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்பது அரசின் அக்கறை. உடலைப் பதிவு செய்பவர் கையில் ஒரு நோக்கம் எப்போதும் இருக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியரின் கதை இன்னும் தெளிவானது. ஃபிராங்க் இளமையில் கொத்தனார் வேலை கற்றவர். ஒரு செங்கல் வைக்க ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாக அசைகிறாரே என்று கவனித்தார். தேவையற்ற அசைவுகளை நீக்கிப் பார்த்தார். 18 அசைவுகள் 5 ஆகக் குறைந்தன. மணிக்கு 120 செங்கல் வைத்தவர் 350 வைத்தார். பிற்காலத்தில் இருவரும் தொழிலாளியின் விரல்களில் மின்னும் சிறு விளக்குகளைப் பொருத்தி, நீண்ட நேரம் திறந்து வைத்த கேமராவில் கையின் பாதையை ஒளிக்கோடாகப் பதிந்தார்கள். அந்தக் கோட்டைக் கம்பியால் வளைத்து மாதிரி செய்து, ‘உன் கை இப்படித்தான் போகிறது, பார்’ என்று தொழிலாளியிடமே காட்டினார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. செங்கல் வேலை எப்படி வேகமாயிற்று? கொத்தனாரை ‘சீக்கிரம் செய்’ என்று விரட்டியதால் அல்ல. செங்கல் தரையில் கிடந்ததால் அவர் ஒவ்வொரு முறையும் முழு உடம்பையும் வளைத்துக் குனிந்து எடுத்தார். கில்பிரெத் சாரத்தை மாற்றி, செங்கலை அவர் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் செய்தார். குனிவது நின்றது. அதாவது மாறியது சாரம். அதே நேரத்தில், வேகம் கூடியதன் பலன் யாருக்குப் போனது என்பதும் அன்றைய தொழிற்சங்கங்கள் கேட்ட நியாயமான கேள்வி. தொழிலாளியின் உடலைக் காப்பாற்றவும் செய்யலாம், அதிலிருந்து இன்னும் கொஞ்சம் பிழிந்தெடுக்கவும் செய்யலாம். பதிவுக் கருவி இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்தத் துறைக்குப் பெயர் கிடைத்த கதையும் சுவையானது. போலந்து அறிஞர் வோய்ச்செக் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857லேயே கிரேக்க வேர்களிலிருந்து, ‘உழைப்பின் விதிகள்’ என்று பொருள்படும்படி, இந்தச் சொல்லை உருவாக்கிக் கட்டுரை எழுதியிருந்தார். அது பரவவில்லை. 1949இல் பிரிட்டனில் ஹைவெல் முரெல் என்பவர் தனியாக அதே சொல்லை முன்வைத்தபோதுதான் துறை அந்தப் பெயரில் நிலைத்தது.

நடன ஆசிரியர்களிடமிருந்து வந்த உதவி

உடலின் அசைவை எழுதி வைக்கும் தேவை தொழிற்சாலைக்கு முன்பே நடனத்துக்கு இருந்தது. சிதம்பரம் கோயில் கோபுரங்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்கள் சிற்பங்களாக நிற்கின்றன. அதுவும் ஒரு பதிவுதான், கல்லில் எழுதிய பதிவு.

ஐரோப்பாவில் ருடால்ஃப் லாபான் 1928இல் நடனத்துக்கான குறியீட்டு முறையை வெளியிட்டார். பிறகு இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழில் ஆலோசகர் லாரன்ஸ் என்பவருடன் சேர்ந்து தொழிற்சாலைத் தொழிலாளர்களின் அசைவுகளை ஆராய்ந்தார். இருவரும் எழுதிய நூல் 1947இல் வந்தது.

1950களில் லண்டனில் ருடால்ஃப் பெனேஷ், ஜோன் பெனேஷ் தம்பதியர் இன்னொரு குறியீட்டை உருவாக்கினார்கள். ஜோன் பாலே நடனக் கலைஞர். மேற்கத்திய இசையை எழுதுவது போல ஐந்து கோடுகள். மேல் கோடு உச்சந்தலை, அடுத்தது தோள், பிறகு இடுப்பு, முழங்கால், கீழ்க்கோடு தரை. கையும் காலும் எங்கே இருக்கின்றன என்பதை அந்தக் கோடுகளின்மேல் சிறு குறிகளாகப் போட்டுவிடலாம். 1970களில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படியெல்லாம் நெளிகிறார்கள் என்று ஆராய்வதற்குப் பணிச்சூழலியலாளர்களும் இதைப் பயன்படுத்தினார்கள்.

குறியீடு அருமையானது. ஆனால் ஒரு சிக்கல். இதை எழுதவும் படிக்கவும் நீண்ட பயிற்சி வேண்டும். தொழிற்சாலை மேற்பார்வையாளர் அதற்கு எங்கே போவார்?

எஃகு ஆலையில் பிறந்த நான்கு இலக்கம்

1970களில்தான் விடை கிடைத்தது. 1974இல் பிரியல் என்ற ஆய்வாளர், உடலின் ஒவ்வோர் உறுப்பும் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை எண்ணாக எழுதும் அட்டை ஒன்றை வெளியிட்டார். 1979இல் கார்லெட்டும் அவருடைய நண்பர்களும், உடல் படத்தின் பக்கத்தில் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு வட்டப் பலகை வரைந்து அதில் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இவை இரண்டுக்கும் நடுவில், 1977இல், ஃபின்லாந்திலிருந்து வந்ததுதான் பெரிய திருப்பம்.

அங்கே ஓவாகோ என்ற எஃகு நிறுவனத்தில் தொழிலாளர்கள் முதுகுவலியால் அவதிப்பட்டார்கள். கார்ஹு, கான்சி, குவோரின்கா என்ற மூவரும் ஆலையில் எடுத்த படங்களை வைத்து உடல் தோரணைகளை வகைப்படுத்தினார்கள். அந்த முறையின் பெயர்ச்சுருக்கம் ‘ஓவாஸ்’. அது இவ்வளவுதான்:

முதல் இலக்கம் முதுகு. நேராக இருந்தால் 1, குனிந்திருந்தால் 2, முறுக்கியிருந்தால் 3, குனிந்தும் முறுக்கியும் இருந்தால் 4.

இரண்டாம் இலக்கம் கை. இரண்டும் தோளுக்குக் கீழே இருந்தால் 1, ஒரு கை தோளளவிலோ அதற்கு மேலோ இருந்தால் 2, இரு கையும் அப்படி இருந்தால் 3.

மூன்றாம் இலக்கம் கால். உட்கார்ந்திருந்தால் 1, இரு கால்களையும் நீட்டி நின்றால் 2, ஒரு காலில் நின்றால் 3, இரு முழங்கால்களும் மடங்க நின்றால் 4, ஒரு கால் மடங்க அதன்மேல் நின்றால் 5, மண்டியிட்டால் 6, நடந்தால் 7.

நான்காம் இலக்கம் சுமை. 10 கிலோவுக்குக் குறைவு என்றால் 1, 10 முதல் 20 வரை 2, அதற்கு மேல் 3.

மொத்தம் 4 × 3 × 7 × 3, அதாவது 252 சேர்க்கைகள். பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடிக்கு ஒரு முறையோ நிமிடத்துக்கு ஒரு முறையோ தலையைத் தூக்கிப் பார்த்து நான்கு இலக்கத்தை எழுதுவார். முடிவில் எந்தத் தோரணை எத்தனை முறை வந்தது என்று எண்ணினால் நேரக் கணக்கு வந்துவிடும்.

நம் வகுப்பறைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். வெண்பலகையின் மேல்பகுதியில் நிமிர்ந்து நின்று எழுதும் ஆசிரியர்: 1-2-2-1. மேசைமேல் கவிழ்ந்து எழுதும் மாணவன்: 2-1-1-1. அரைமண்டியை ஒரே சொல்லில் சொன்னோமே, அதே சுருக்கம் இங்கே நான்கு எண்களாக வந்துவிட்டது.

ஒவ்வொரு சேர்க்கைக்கும் நான்கு நடவடிக்கைப் படிகளில் ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதல் படி, ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டாம் படி, விரைவில் ஒரு மாற்றம் தேவை. மூன்றாவது, கூடிய சீக்கிரம் மாற்ற வேண்டும். நான்காவது, உடனடியாக மாற்ற வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் 1-1-1-1 முதல் படியில் வருகிறது. நம் மாணவனின் 2-1-1-1 இரண்டாம் படியில் வருகிறது. ஆலைக்காக எழுதிய அட்டவணையை வைத்துப் பள்ளிக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் நாம் தினமும் பார்க்கும் அந்தக் காட்சி ‘பரவாயில்லை’ என்ற பட்டியலில் இல்லை என்பது யோசிக்க வைக்கிறது.

ஓவாஸில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. எந்தத் தோரணை எவ்வளவு கடினம் என்று மதிப்பிட்டவர்கள் நிபுணர்கள் மட்டுமல்ல. அனுபவம் வாய்ந்த எஃகுத் தொழிலாளர்களையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். மாரேயின் படத்தில் மறைந்துபோன ஆள் இங்கே திரும்பி வந்து பேசுகிறார்.

ஒவ்வொரு முறையிலும் ஒரு தொழிலின் சாயல்

ஓவாஸுக்கும் குறை உண்டு. அது கழுத்தைக் கவனிப்பதில்லை. மணிக்கட்டையும் கவனிப்பதில்லை. எஃகு ஆலையில் முதுகும் காலும் சுமையும்தான் பெரிய பிரச்சினை. தையல் இயந்திரத்தின் முன்போ கணினியின் முன்போ உட்கார்ந்திருப்பவருக்கு? ஓவாஸ் கண்ணில் அவர் நாள் முழுக்க ‘1-1-1-1’. அவருடைய மணிக்கட்டு வலி அதில் தெரியவே தெரியாது.

அதனால் 1993இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் லின் மெக்டாம்னியும் நைஜல் கார்லெட்டும் ‘ரூலா’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். மேல்கை, முன்கை, மணிக்கட்டு, கழுத்து, உடல் என்று கோணங்களைப் பார்த்து, ஒரே நிலையில் இருக்கும் நேரத்தையும் செலுத்தும் விசையையும் சேர்த்து, 1 முதல் 7 வரை ஒரு மதிப்பெண் தரும் முறை அது. ஆடைத் தொழிற்சாலைகளிலும் கணினித் திரை முன்னும் வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து உருவானது. தேவை ஒரு தாளும் பென்சிலும்தான்.

2000இல் சூ ஹிக்னெட்டும் மெக்டாம்னியும் ‘ரீபா’வை வெளியிட்டார்கள். இது மருத்துவமனைத் தாதியர் போன்றவர்களுக்காக. நோயாளியைத் தூக்கும் தாதிக்கு அடுத்த நொடி உடல் எப்படி வளையும் என்று சொல்ல முடியாது. சுமையே அசையும், நழுவும். அதனால் பிடிமானத்துக்கும் இங்கே மதிப்பெண் உண்டு. பணிச்சூழலியலாளர்கள், உடலியக்க மருத்துவர்கள், தாதியர் எல்லாம் சேர்ந்து 600க்கும் மேற்பட்ட தோரணைகளை மதிப்பிட்டு இதை உருவாக்கினார்கள். மதிப்பெண் 1 முதல் 15 வரை.

எஃகு ஆலையில் பிறந்தது முதுகைப் பார்த்தது. தையல் கூடத்தில் வளர்ந்தது மணிக்கட்டைப் பார்த்தது. மருத்துவமனையில் வளர்ந்தது பிடியைப் பார்த்தது. எந்த முறையும் தான் தேடுவதை மட்டுமே காணும். மாணவர்களுக்கு வரலாற்று மூலங்களை வாசிக்கக் கற்பிக்கும்போது ‘இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார்’ என்று கேட்கச் சொல்கிறோமே, அதே கேள்வியை எண்களிடமும் கேட்கலாம்.

இன்னொரு முறையையும் சொல்ல வேண்டும். 1976இல் கார்லெட்டும் பிஷப்பும் மனித உடலின் வரைபடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தொழிலாளியிடம் கொடுத்து, ‘எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது’ என்று வேலை நேரத்தில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கேட்டார்கள். கோணத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். வலியை அவரவரிடம்தான் கேட்க முடியும்.

பள்ளி மேசைக்கு வந்த வழக்கு

இனி நம் இடத்துக்கு வருவோம். பள்ளி நாற்காலியைப் பற்றிய கவலை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயே தொடங்கிவிட்டது. 1884இல் ஜெர்மானிய எலும்பு மருத்துவர் ஃபிரான்ஸ் ஸ்டாஃபல், உட்காரும்போது இடுப்புக்குப் பின்னால் முட்டு வேண்டும் என்று எழுதினார். முதுகு நேராக, இடுப்பு செங்கோணத்தில், முழங்கால் செங்கோணத்தில் என்ற ‘சரியான’ அமர்வு மெல்ல மெல்லப் பள்ளி ஒழுங்காகவே மாறியது. நாம் இன்று சொல்லும் ‘நிமிர்ந்து உட்காரு’ அதன் வாரிசு.

1953இல் அமெரிக்க மருத்துவர் ஜெய் கீகன் பல தோரணைகளில் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்தார். தொடையும் உடம்பும் செங்கோணத்தில் இருக்கும்போது இடுப்பு முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிவிடுகிறது என்று தெரிந்தது. தொடைக்கும் உடலுக்கும் இடையே சுமார் 135 பாகை இருக்கும்போதுதான் வளைவு இயல்பாக இருந்தது.

டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஏ. சி. மண்டல் இதை எடுத்துக்கொண்டு பள்ளிகளைப் பார்த்தார். நீண்ட தேர்வு எழுதும் மாணவர்களைத் தானியங்கிக் கேமரா குறிப்பிட்ட இடைவெளிகளில் படம் பிடித்தது. அந்தப் படங்களில் செங்கோணத்தில் உட்கார்ந்து எழுதும் மாணவர் யார்? கிட்டத்தட்ட யாருமே இல்லை. எல்லாரும் மேசைமேல் கவிழ்ந்திருந்தார்கள், சிலர் நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்து அதைச் சாய்த்தே உட்கார்ந்தார்கள். கண்ணுக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரம் அவர்களை இழுத்தது. மேசை உயரமாகவும் மாணவனை நோக்கிச் சாய்ந்தும், இருக்கை முன்பக்கம் சற்றுச் சரிந்தும் இருக்க வேண்டும் என்று மண்டல் வாதிட்டார். எல்லாரும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. சரிவான இருக்கையில் கீழே வழுக்காமல் இருக்கக் கால் உழைக்க வேண்டுமே என்ற மறுப்பு வந்தது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நிற்கிறது: எல்லா மாணவரும் ஒரே மாதிரி ‘தவறாக’ உட்கார்ந்தால், தவறு மாணவரிடமா இருக்கும்?

நாற்காலியை முன்னால் சாய்த்து ஆட்டும் மாணவனை நாம் குறும்புக்காரன் என்கிறோம். தன் இடுப்புக்கு ஏற்ற கோணத்தை அவன் தானே தேடிக்கொள்கிறான் என்றும் அதைப் படிக்கலாம்.

இன்று

2010இல் வந்த கினெக்ட் போன்ற விளையாட்டுக் கருவிகள் மனித மூட்டுகளைத் தாமே அடையாளம் கண்டன. 2017 வாக்கில் வந்த ஓப்பன்போஸ் போன்ற மென்பொருள்கள் சாதாரணக் காணொளியிலிருந்தே குச்சி மனிதனை வரைந்துவிடுகின்றன. ஃபிஷருக்குப் பல ஆண்டுகள் எடுத்த வேலையைக் கைப்பேசி சில நொடிகளில் தோராயமாகச் செய்துவிடுகிறது.

மலேசியாவில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017இல் பணியிடங்களுக்கான பணிச்சூழலியல் இடர் மதிப்பீட்டு வழிகாட்டியை வெளியிட்டது. செம்பனைத் தோட்டங்களில் நீண்ட கழியைத் தலைக்கு மேலே தூக்கிக் குலை வெட்டுவோரின் கழுத்தையும் தோளையும் நம் நாட்டு ஆய்வாளர்கள் இந்த முறைகளால் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வசதி கூடக் கூட பழைய கேள்வியும் கூடவே வருகிறது. தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் நாள் முழுதும் பதியும் கேமரா, மேசையை உயர்த்த உதவுமா, ‘நீ ஐந்து நிமிடம் சும்மா நின்றாய்’ என்று சம்பளம் பிடிக்க உதவுமா? கில்பிரெத் காலத்தில் கேட்ட அதே கேள்விதான். பதிவின் முடிவில் எதை மாற்றப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குவதே நேர்மையான வழி என்று எனக்குப் படுகிறது.

வகுப்பறையில் பயன்படுத்த

இடைநிலைப்பள்ளி மாணவர்களோடு செய்து பார்க்கக்கூடிய மூன்று நடவடிக்கைகள்:

1. குழுவுக்கு மூவர். ஒருவர் 10 நிமிடம் எழுதட்டும், ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும், ஒருவர் 30 விநாடிக்கு ஒரு முறை ஓவாஸ் இலக்கத்தைக் குறிக்கட்டும். 20 பதிவுகள் கிடைக்கும். பதிவாகப் போகிறவரின் சம்மதத்தை முதலில் கேட்க வேண்டும். படம் எடுக்க வேண்டாம், எண் போதும். பிறகு மேசையின்மேல் ஒரு தடித்த கோப்பைச் சாய்வாக வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதச் சொல்லி மறுபடி பதியலாம். இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது நல்ல இடுபணி.

2. முதலில் எண் இல்லாமல், சொற்களால் மட்டும் ஒரு தோரணையை விவரித்து எழுதச் சொல்லுங்கள். அதைப் படித்து இன்னொரு மாணவர் அப்படியே நின்று காட்டட்டும். எங்கே தவறுகிறது என்று பார்த்தால் சாய்தல், குனிதல், கவிழ்தல், வளைதல், ஒருக்களித்தல் ஆகிய சொற்களின் நுண்ணிய வேறுபாடு தானாகப் புரியும். சொல்வளப் பாடத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

3. வீட்டில் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்களாக இருந்தால் கேட்டு வரச் சொல்லுங்கள். வெட்டு கீழே இருந்தபோது எப்படிக் குனிந்தார்கள், மேலே போனபோது கையை எப்படித் தூக்கினார்கள், காண்டாக் கம்பில் இரு வாளிகளையும் தொங்கவிட்டு எப்படி நடந்தார்கள் என்று அவர்களையே செய்துகாட்டச் சொல்லி, நான்கு இலக்கத்தை மாணவர் எழுதட்டும். அதோடு உடல் வரைபடம் ஒன்றைக் கொடுத்து ‘அப்போ எங்கே வலிச்சது? இப்போ எங்கே வலிக்குது?’ என்றும் கேட்டு வரட்டும். அந்தத் தலைமுறையின் உழைப்பைப் பற்றி நிறையக் கதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவர்களின் முதுகும் முழங்காலும் சொல்வதைக் கேட்டு எழுத இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அதிக நேரம் இல்லை.